எரிந்த எண்ணெய்த் தாங்கிகளும் வீட்டுப் பெட்டகத்துத் தபாலட்டைகளும்

காணி உறுதிகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் வாரிசுகள் உண்டு. ஆகையால் அவற்றுக்குக் காவலும் உண்டு. தபாலட்டைக்கு அவ்வாறு உரிமை கொண்டாடுவார் எவருமில்லை. எழுதியவர் போய், பெற்றவரும் போய், மூன்றாந் தலைமுறையின் கைக்கு அது வந்து சேரும்போது, படம் வடிவாயிருந்தால் பிள்ளைகளின் விளையாட்டுக்கும், வடிவில்லாதிருந்தால் அடுப்பங்கரைக்கும் போவதே பெரும்பாலான தபாலட்டைகளின் விதியாக இருந்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் எஞ்சியவற்றுள் மிகுதியும் கொழும்புப் பிளாட்டே கம்பெனியாரைப் போன்றவர்கள் வெளியிட்ட காட்சியட்டைகளே: தலதா மாளிகை, காலிமுகத் திடல், தேயிலைத் தோட்டம், பனங்கூடல் என்று எவருக்கும் பழகிய காட்சிகள். ஆனால் சென்னபட்டணத்திற் படித்தவர்களோ, உத்தியோகம் பார்த்தவர்களோ, வியாபாரம் செய்தவர்களோ இருந்த குடும்பமாயின், அந்தக் கட்டினிடையே முற்றிலும் வேறு சாதியான ஓர் அட்டை அகப்படக்கூடும். கறுத்துத் திரண்டெழும் புகையும், அதன் அடியில் உருளை வடிவான இரும்புத் தாங்கிகளும், ஓரத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் தலைப்பாகை மனிதர்களும் அதிற் காணப்படுவர். இந்த அத்தியாயம் அத்தகைய அட்டையைக் கையாளுவது பற்றியது.

அட்டை காட்டும் சம்பவம் இதுதான். 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணியளவில், காள் பொன் முல்லர் என்னும் தளபதியின் கீழிருந்த எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல், விளக்குகளை அணைத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, தேடொளியைப் பாய்ச்சி, ஏறக்குறைய அரை மணி நேரத்தில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. கப்பலின் முதற் குறி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகள். பர்மாவின் யெனாங்யாங் வயல்களில் எடுத்து, இரங்கூனுக்கு அண்மையிலுள்ள சிரியம் ஆலையிற் சுத்திகரித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து தேக்கி வைத்திருந்த எண்ணெயில் மூன்றரை இலட்சம் கலன் வரையில் எரிந்து போயிற்றென்று அக்காலத்துக் கணக்குகள் கூறும். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பல் சேதமடைந்தது. சில குண்டுகள் நகருக்குள்ளும் விழுந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு குண்டு விழுந்த இடத்தை இன்றும் ஒரு கல்வெட்டு காட்டி நிற்கிறது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பயனில்லாமல் எம்டன் தப்பிச் சென்றது. மறுநாள் தொடங்கி மக்கள் திரள்திரளாக நகரைவிட்டு வெளியேறினார்கள்; போகாமல் நின்றவர்களிற் பலர் தீயைப் பார்க்கச் சென்றார்கள்; அவர்களோடு புகைப்படக்காரரும் சென்றார்கள். எரிந்த தாங்கிகளும், உருக்குலைந்த இரும்பும், குண்டு துளைத்த சுவர்களும் வெகு விரைவில் தபாலட்டைகளாகி விற்பனைக்கு வந்தன.

தீவிபத்து நடந்த ஊரில் சாம்பல் ஆறுமுன்னே அட்டை விற்பது அக்காலத்தில் உலக வழக்கமாயிருந்தது. அதே ஆண்டு ஜூன் 25ஆந் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் என்ற துறைமுகப் பட்டினத்தில் ஒரு தோல் தொழிற்சாலையிற் பற்றிய நெருப்பு ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்களை விழுங்கியபோதும் இவ்வாறே நூற்றுக்கணக்கான புகைப்பட அட்டைகள் கிளம்பின. இன்றும் அவை சேகரிப்போரிடையே கைமாறுகின்றன. (அந்தச் சேலத்துக்கு அண்மையிலுள்ள குளொஸ்டர் துறைமுகத்துக்குத்தான் வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இற் போய்ச் சேர்ந்தது. அதன் படத்தை எவரேனும் வைத்திருந்தால், இந்த அத்தியாயத்திற் சொல்லும் முறைகள் யாவும் அதற்கும் பொருந்தும்.) 1903இல் கொடாக் கம்பெனியார் தபாலட்டை அளவிலேயே படமெடுக்கும் மடிப்புக் கமராவை வெளியிட்டபின், முதுகில் முகவரிக் கோடு அச்சிட்ட புகைப்படத் தாளில் நேரே படிவமெடுத்து விற்பது சிறு கடைக்காரருக்கும் கைகூடிய காரியமாயிற்று. அச்சுக்கூடம் வேண்டியதில்லை, இருட்டறையும் தண்ணீரும் போதும்.

அட்டை எவ்வாறு இங்கு வந்திருக்கும் என்ற கேள்விக்கும் அந்த ஆண்டே விடை தருகிறது. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கொழும்பிலிருந்து புகையிரதம் 1905இலேயே வந்துவிட்டது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914ஆம் ஆண்டின் முற்பகுதியில். ஆகவே எம்டன் சுட்ட நாளில் சென்னையிலிருந்து எழுதும் கடிதம் புகையிரதத்தில் தனுஷ்கோடி வந்து, சிறு கடலைத் தாண்டி, மதவாச்சி வழியாக யாழ்ப்பாணம் சேரும் புதிய பாதை சில மாதமே பழகியிருந்தது. ஆனால் எல்லா அட்டையும் தபாலில் வந்ததென்று கொள்ளவேண்டா. விடுமுறைக்கு வந்த மாணாக்கர் புத்தகத்தினுள் வைத்துக் கொண்டு வந்ததும் இருக்கும். முத்திரை ஒட்டாத அட்டை போலி என்ற எண்ணம் தவறானது.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். ஒரு சம்பவத்தைக் காட்டும் புகைப்பட அட்டையில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன: கமராவின் கண் திறந்த காலம், தாளிற் படிவமெடுத்த காலம், பின்புறத்தில் எழுதிய காலம். இம்மூன்றும் ஒரே வாரத்துக்குள் அடங்கியதும் உண்டு. முப்பது ஆண்டு இடைவெளியுள்ளதும் உண்டு. ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து எத்தனை முறையும் படிவமெடுக்கலாம்; விற்ற அட்டையையே மறுபடி படம்பிடித்துப் புதிய அட்டையாக்கலாம். "இது எம்டன் சுட்ட காலத்து அட்டை" என்று வீட்டிற் சொல்லும்போது இம்மூன்றில் எந்தக் காலத்தைச் சொல்கிறோம் என்று நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சேகரிப்போர் ஏமாறுவதும், ஏமாற்றுவோர் பிழைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பும் இடத்திலேதான்.

படிவமெடுத்த காலத்தை முதலில் நிச்சயிக்க வேண்டும், ஏனெனில் அதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் கையிலேயே இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றை, மணிக்கூடு திருத்துபவரிடம் இரவல் வாங்கியேனும், சாம்பல் நிறப் பகுதி ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக வரிசைகட்டிய புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்தது. ஒழுங்கற்ற, புழு நெளிந்தாற்போன்ற நுண்சுருக்கங்கள் தெரிந்தால் கண்ணாடித் தகட்டில் மையேற்றி அச்சடித்த கொலோற்றைப்; அதுவும் அச்சே. எவ்விதப் புள்ளியுமின்றிக் கருமை வெண்மையாக வழுவிச் செல்லுமாயின் அது மெய்யான புகைப்படம். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்தால் பழைய புகைப்படத்தின் ஓரங்களில், குறிப்பாகக் கருமை மிக்க இடங்களில், இரசம் பூசினாற்போன்ற நீலங் கலந்த பளபளப்புத் தோன்றும். படத்திலுள்ள வெள்ளி, காற்றின் ஈரத்தாலும் கந்தகத்தாலும் மேலெழுந்து படிந்த அடையாளம் அது. கடற்கரை ஊர்களில் இது விரைந்து வரும். பலர் இதை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள், துடைப்பது படத்தை, அழிப்பது சாட்சியத்தை.

இங்கே, இந்தச் சம்பவத்துக்கே உரிய ஒரு சோதனையுண்டு. போருக்கு முன் இந்தியாவிலும் இலங்கையிலும் விற்ற அழகிய காட்சியட்டைகளிற் பல ஜேர்மனியில், அதிலும் சக்சனிப் பகுதியில், அச்சாகி வந்தவை. அச்சிடக் கொடுத்து, கப்பலில் எடுத்து, விற்பனைக்கு வைப்பதற்குப் பல மாதம் செல்லும். 1914 ஓகஸ்டில் போர் மூண்டதும் அந்த வாசல் அடைபட்டது. ஆகவே, சென்னைத் தீயை அந்நாளிலேயே காட்டி உள்ளூரில் விற்ற அட்டையொன்றின் முதுகில் சக்சனியில் அச்சானது என்ற வரி இருக்க முடியாது. சென்னையின் புகைப்படக்காரர் தம் கையாலேயே படிவமெடுத்து விற்கவேண்டியிருந்தமையால்தான் இவ்வட்டைகளிற் பல மெய்ப்புகைப்படங்களாக நமக்குக் கிடைக்கின்றன. ஜேர்மனியிலும் எம்டனைப் பற்றி அட்டைகள் அச்சாயின. ஆனால் அவை அந்நாட்டு மக்கள் தம் கப்பலைப் போற்றுவதற்காக ஓவியர் வரைந்த கற்பனைக் காட்சிகள். அவற்றுக்கும் சரித்திர மதிப்புண்டு, ஆயினும் அது பேர்லினின் மனநிலையைப் பற்றிய மதிப்பே. சென்னைத் துறைமுகத்தில் என்ன எரிந்தது என்பதற்கு அவை சாட்சியாகா.

புதிய போலிகளைப் பிடிப்பது எளிது. காசுத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கு இப்போது பல கடைகளில் இருக்கிறது. இருட்டில் அதன் ஒளியைப் பழைய அட்டையின் முதுகிற் பாய்ச்சினால் அது மங்கலாகவே கிடக்கும். நீலவெள்ளையாகச் சுடர்விடுமாயின், தாளிற் பளிச்சிடும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கிய 1950களுக்குப் பிற்பட்டது என்று துணியலாம். முத்திரை ஒட்டும் சதுரத்தில் அசோ என்ற அமெரிக்கத் தாளின் பெயரும் முக்கோணங்களும் காணப்பட்டால், நான்கு முக்கோணமும் மேல்நோக்கியது 1918 வரையிலும், இரண்டு மேலும் இரண்டு கீழுமானது அதன்பின் 1930 வரையிலும் வழங்கியதென்று சேகரிப்போர் கணக்கிடுவர். சென்னை அட்டைகளிற் பல எவ்விதக் குறியுமில்லாதவை, குறியில்லாமை குற்றமன்று.

அடுத்து, கமராவின் காலம். தீ இரவில் மூண்டது. நம் கையிலுள்ள படங்களிற் பெரும்பாலானவை பகலின் புகையைக் காட்டுவன. இரவுக் காட்சி என்று சொல்லி, வானத்தில் முழுநிலவும், அதன் கீழ் நாக்கு நாக்காகக் கூரிய சுவாலையும் காட்டும் அட்டை கிடைத்தால் உடனே ஐயுறுங்கள். பஞ்சாங்கத்தைப் பாருங்கள்: அது நவராத்திரி தொடங்கிய வாரம், அமாவாசை கழிந்து மூன்று நாளே ஆகியிருந்தது, மெல்லிய பிறை எம்டன் வருமுன்னே மேற்கில் மறைந்துவிட்டது. அந்த முழுநிலவு தூரிகையில் உதித்தது. பகலில் எடுத்த படத்தைக் கறுப்பாகப் படிவமெடுத்து, நிலவொன்றைத் தீட்டி இரவாக்குவது அக்காலப் புகைப்படக் கடைகளின் சாதாரண வித்தை. வாங்குவோரும் அதை வஞ்சனையென்று எண்ணியதில்லை.

சுவாலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளிற் பல நீலத்துக்கும் பச்சைக்கும் இசைந்தவை, சிவப்பை அறியாதவை. நம் வீட்டுப் பழைய கலியாணப் படங்களிற் பெண்ணின் சிவந்த கூறையும் நெற்றிக் குங்குமமும் கறுப்பாக விழுந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள், காரணம் அதுவே. எண்ணெய்த் தீயின் செம்மையும் அவ்வாறே தகட்டில் மங்கிப்போகும். மஞ்சள் வெளுப்பான நடுப்பகுதி மட்டும், அதுவும் அசைவினாற் கலங்கி, வெண்மேகம்போல் விழும். ஆகவே இரவுப் படத்திற் சுவாலை விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே தகட்டின்மேல் ஒரு கை வேலை செய்திருக்கிறது. பெருக்கும் கண்ணாடியாற் பார்த்தால் தூரிகைக் கோடும் தெரியும். இதனால் அட்டையை எறிந்துவிட வேண்டா. திருத்திய படம் என்று குறித்துக்கொண்டு, திருத்தாத பகுதியை, அதாவது தாங்கிகளின் எண்ணிக்கை, வேலி, தண்டவாளம், நிற்பவர்களின் உடை ஆகியவற்றை, ஊன்றிப் படியுங்கள். படக்காரருக்குத் தீயில் அக்கறை. ஆகவே அவர் கையும் அங்கேதான் சென்றது. ஓரங்களில் அவர் கை வைக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அட்டையின் நம்பத்தக்க பகுதி அந்த ஓரங்களே. நிழலையும் பாருங்கள்: சென்னையிற் கடல் கிழக்கே இருப்பதால், கடலை நோக்கி எடுத்த படத்தில் நிற்போரின் நிழல் கமராவை நோக்கி விழுந்தால் அது முற்பகல்.

படத்தின் மேல் வெள்ளையெழுத்திலுள்ள தலைப்பு, தகட்டின்மேற் கறுப்பு மையால் இடம்வலமாக மாற்றி எழுதியது. அது படக்காரரின் வாக்கு, ஓரளவு நம்பலாம். பின்னாளிற் பேனாவால் எழுதிய தலைப்பை அவ்வாறு நம்ப முடியாது. எம்டன் 1914 நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியால் அடிபட்டுக் கரைதட்டியபின், அந்தச் சிதைந்த கப்பலின் படங்களும் அட்டையாகி எங்கும் பரவின; அதனை "சென்னையில் எரிந்த கப்பல்" என்று மாறிக் குறித்து வைத்தல் எளிதிற் சம்பவிக்கக்கூடியது. இந்திய விடுதலைக்குப் போராடிய செண்பகராமன்பிள்ளை எம்டனில் இருந்தார் என்ற கதையை வைத்து, படத்திலே தெளிவில்லாத ஏதோவோர் உருவத்துக்கு அவர் பெயரிடுவாரும் உண்டு. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவில் இருந்தார். தேசாபிமானம் நல்ல குணம். ஆனால் அது தலைப்பெழுத வந்தால் பேனாவை வாங்கி வைத்துவிடுவதே நன்று.

மூன்றாவது காலம் பின்புறத்துக்குரியது. முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடிட்டுப் பிரித்த முதுகு பிரித்தானியாவில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும் வந்தமையால், 1914க்குரிய அட்டையிற் பிரிவுக்கோடு இருப்பது இயல்பு. ஒட்டிய முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருக்கவேண்டும். அனுப்பிய கந்தோரின் திகதிக் குறியும் பெற்ற கந்தோரின் குறியும் இரண்டும் தெளிவாயின் உங்கள் அதிர்ஷ்டம். செய்தியைப் படிக்கும்போது மனத்தளர்ச்சி கூடாது. பூட்டனார் தீயைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், சோதனைக் கட்டணத்துக்குப் பணம் அனுப்பும்படியும், ஆச்சியின் வாதநோய் எப்படியென்றும் எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அது பெரிய செய்தி: ஊரே ஓடிய நாளில் ஒரு மாணவன் ஓடவில்லை, சோதனையும் நிற்கவில்லை. பென்சில் எழுத்து மங்கியிருந்தால் அட்டையைச் சாய்த்துப் பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்து படமெடுங்கள். எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். மேலே மறுபடி எழுதித் தெளிவாக்குவதைப்போன்ற பாதகம் வேறில்லை.

பேணும் முறைக்கு நம் நாட்டுக் காலநிலையே ஆசான். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மாரியில் அட்டைக் கட்டை அவிழ்க்கவே கூடாது. ஈரத்தில் இளகிய படத்தின் பசை அடுத்த அட்டையிற் பிடித்துவிடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களிற் புழுதி பெரும்பகை. பங்குனியில், ஈரங் குறைந்த ஒரு முற்பகலில், நேர்வெயில் படாத அறையில் விரித்துப் பார்த்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, மறுபடி வைக்கவேண்டும். வெயிலிற் காயவைப்பது பினாட்டுக்கே ஏற்றது. பனையோலைப் பெட்டி பார்வைக்கு அழகு. ஆனால் ஓலையிற் பூச்சி வரும், ஈரமும் தங்கும். அமிலமில்லாத தாளுறையோ பொலியெஸ்ரர் உறையோ இட்டு, நிலத்திலும் சுவரிலும் தொடாத அலுமாரித் தட்டில் நிறுத்தி வைப்பது மேல். நப்தலீன் உருண்டையைப் படத்தோடு போடவேண்டா. கண்ணாடிபோன்ற தாளிற் சூடேற்றி ஒட்டிக் கொடுக்கும் லமினேற் வேலை, ஒட்டுநாடா, பசைத்தாள் அல்பம் ஆகிய மூன்றும் அட்டைக்கு எமனே. சட்டமிட்டு விறாந்தையில் மாட்டுவதையும் நான் வெறுக்கிறேன். மாட்ட ஆசையிருந்தால் பிரதியெடுத்து மாட்டுங்கள், மூலம் இருட்டில் இருக்கட்டும். இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தி வைக்காமல் அப்படியே உறையிட்டு, பேணல் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணமுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுப்போனவை வேறு. எஞ்சியதில் ஒரு பகுதி இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினரின் அலுமாரிகளில் இருக்கிறது. ஆகவே ஒரு பிரதியை ஒரே இடத்தில் வைப்பதைப்போன்ற அபாயம் வேறில்லை. அட்டையின் முன்புறம், பின்புறம் இரண்டையும், வெற்றிடமாயிருப்பினும், அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல், நிறத்தோடு ஸ்கான் செய்து, ஓரங்களை வெட்டாமல் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் எதற்கு என்று கேட்பீர்கள். வெள்ளி மேலெழுந்த நீலப் பளபளப்பும், தாளின் பழுப்பும், முத்திரையின் வண்ணமும் இல்லாமற் போனால் மேலே சொன்ன சோதனைகள் எவற்றையும் பின்னால் வருபவர் செய்யமுடியாது. பிரதியொன்றை நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்துக்கு வழங்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தாரையும் கேட்டுப் பார்க்கலாம். மூலத்தைக் கொடுப்பதா என்பது குடும்பத்தார் கூடிப் பேசவேண்டிய விஷயம். பெறுவோரிடம் எழுத்திற் பற்றுச்சீட்டு வாங்காமற் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அட்டையோடு வைக்கும் குறிப்பு. உறையின்மேல், உறை போடுமுன், மென்பென்சிலால் எழுதுக. கண்டதையும் கேட்டதையும் கலவாமல் எழுதுவதே இதன் இலட்சணம். உதாரணமாக: "புகைப்பட அட்டை, அச்சன்று. எரியும் எண்ணெய்த் தாங்கிகள், பகல். தாங்கி நான்கு தெரிகின்றன. வெள்ளெழுத்துத் தலைப்பு உண்டு. புகையின் மேற்பகுதி தூரிகையால் திருத்தியது. முதுகிற் பிரிவுக்கோடு, முத்திரை இல்லை, பென்சிலில் இரண்டு வரி. பூட்டனார் சென்னையிலிருந்து கொண்டுவந்தது என்று பெரியம்மா சொன்னது." கடைசி வரியிலுள்ள "சொன்னது" என்ற சொல்லை நாணத்தால் விட்டுவிடாதீர்கள், பெரியம்மா எந்த ஆண்டில் சொன்னார் என்பதையும் அதனோடு சேர்த்துவிடுங்கள்.